தராசு ஒன்று சொல்லும், முட்டி ஒன்று சொல்லும்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை எடையையும் ஜவ்வையும் பற்றித்தான். மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டேன். ஒரு சின்ன வேண்டுகோள். 'ஜவ்வு கிழிந்துவிட்டது' என்று மட்டும் எழுதினால் எனக்குத் தலையும் புரிவதில்லை, வாலும் புரிவதில்லை. எலும்போடு எலும்பைக் கட்டிப் பிடித்திருக்கும் தசைநாரையும் (லிகமெண்ட்) ஜவ்வு என்கிறோம், இரண்டு எலும்புக்கும் நடுவே மெத்தை மாதிரி கிடக்கும் மெனிஸ்கஸையும் ஜவ்வு என்கிறோம். எம்.ஆர்.ஐ. அறிக்கையின் கடைசிப் பத்தியை அப்படியே எடுத்து எழுதி அனுப்புங்கள். பாதி வேலை முடிந்துவிடும்.

கேள்வி: மேடம், என் மகளுக்கு 16 வயது. ஹேண்ட்பால் ஆடுகிறாள். உயரம் 162 செ.மீ., எடை 66 கிலோ. போன மாதம் எம்பி கோல் எறிந்துவிட்டு இறங்கும்போது முட்டி உள்பக்கம் மடங்கி விழுந்துவிட்டாள். யாரும் இடிக்கவில்லை, பக்கத்தில்கூட யாரும் இல்லை. ஏ.சி.எல். முழுதாக அறுந்திருப்பதாக ஸ்கேனில் வந்திருக்கிறது. "எடையைக் குறை, குறை என்று சொன்னேன், கேட்டாளா?" என்கிறார் பயிற்சியாளர். அன்றிலிருந்து இரவில் சாப்பிட மாட்டேன் என்கிறாள். எடைதான் காரணமா?
— ஒரு தாய்

பதில்: அம்மா, முதலில் இரவுச் சாப்பாடு. அதை இன்றைக்கே திரும்பத் தொடங்கச் சொல்லுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

எடைக்கு இதில் பங்கே இல்லை என்று உங்களைச் சமாதானப்படுத்த மாட்டேன். பங்கு உண்டு. ஆனால் அவள் விழுந்ததற்கு எடைதான் காரணம் என்று ஒரே வரியில் சொல்வது சோம்பேறித்தனம். இதே வசனத்தை 22 வயதில் நானும் கேட்டிருக்கிறேன். வாலிபால் வலைக்குப் பக்கத்தில் இடது முட்டியைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தபோது என் காதில் விழுந்த முதல் வார்த்தையே அதுதான். ஐஸ் அதற்குப் பிறகுதான் வந்தது.

ஏ.சி.எல். என்பது முட்டிக்கு நடுவே குறுக்காக ஓடும் தசைநார். ஏறத்தாழ 3 செ.மீ. நீளம், சுண்டுவிரல் பருமன். கால் எலும்பு தொடை எலும்பை விட்டு முன்னால் நழுவாமலும் அளவுக்கு மீறித் திருகாமலும் பிடித்து நிறுத்துவது அதன் வேலை. உங்கள் மகளை யாரும் இடிக்கவில்லை என்கிறீர்களே, அது விதிவிலக்கே இல்லை. ஏ.சி.எல். அறுபவர்களில் பத்துக்கு ஏழு பேருக்கு இப்படித்தான், யாரும் தொடாமலே நடக்கிறது. எம்பி இறங்கும்போது, ஓடிவந்து சட்டென்று நிற்கும்போது, திசை மாறித் திரும்பும்போது. வீடியோவில் காட்சி காட்சியாக நிறுத்திப் பார்த்தவர்கள் கண்டது என்னவென்றால், பாதம் தரையைத் தொட்டு சுமார் 40 மில்லி விநாடிக்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. கண் சிமிட்டும் நேரத்தில் பாதிகூட இல்லை. அந்த நேரத்தில் "ஐயோ, முட்டி உள்ளே போகிறதே" என்று உணர்ந்து திருத்திக்கொள்ள மனிதனால் முடியாது. தசைகள் முன்கூட்டியே விறைத்துத் தயாராக இருந்திருக்க வேண்டும்.

எடை நுழைவது இங்கேதான். இறங்கும்போது தரை நம்மைத் திருப்பித் தள்ளும் விசை, உடல் எடையைப் போலப் பல மடங்கு. எடை கூடினால் அதுவும் கூடும். ஆனால் கூடிய எடை எதனால் ஆனது என்று பார்க்க வேண்டும். பின்தொடையிலும் இடுப்பிலும் 3 கிலோ தசை கூடினால் சுமையும் கூடுகிறது, பிரேக்கும் கூடுகிறது. 3 கிலோ கொழுப்பு கூடினால் சுமை மட்டும்தான் கூடுகிறது. தராசுக்கு இரண்டும் ஒன்றுதான், முட்டிக்கு ஒன்றில்லை. கொழுப்பு எங்கே சேர்கிறது என்பதும் கணக்கில் வரும். உடம்பின் மேல்பாதி கனத்திருந்து, இறங்கும்போது அது ஒரு பக்கம் சாய்ந்தால், அந்தச் சாய்வே முட்டியை உள்ளே தள்ளிவிடும்.

இன்னொன்றும் இருக்கிறது. இந்த வயதில் பெண் குழந்தைகளுக்குக் கொழுப்பு கூடுவது இயற்கை. உடம்பு அதற்காகவே எழுதப்பட்டிருக்கிறது. பையன்களுக்கு அதே பருவத்தில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் தசையை ஏற்றிவிடுகிறது. பெண்களுக்கு உயரமும் எடையும் கூடுகிற வேகத்தில் தொடை பலம் கூடுவதில்லை, அதைப் பயிற்சியால்தான் கொண்டுவர வேண்டும். கால்பந்து, கூடைப்பந்து போன்ற ஆட்டங்களில் ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகமாக ஏ.சி.எல். அறுவதற்கு இதுவும் ஒரு காரணம். அமெரிக்காவின் வெஸ்ட் பாயிண்ட் ராணுவ அகாடமியில் பயிற்சி பெற்றவர்களை 4 ஆண்டுகள் கவனித்து 2003இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பெண்களில் பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு) அதிகமாக இருந்தவர்களுக்கு ஆபத்து கூடுதலாகத்தான் இருந்தது. ஆனால் அதே பட்டியலில் தொடை எலும்பின் நடுப்பள்ளம் குறுகலாக இருப்பதும், மூட்டுகள் இயல்பிலேயே தளர்ந்திருப்பதும் இடம்பெற்றன. பள்ளம் குறுகலாக இருப்பதற்காக யாராவது உங்கள் மகளைத் திட்டுவார்களா?

இப்போது சாப்பாட்டுக்கு வருவோம். அறுந்த நாளிலிருந்தே தொடைத் தசை கரையத் தொடங்கிவிட்டது. அறுவை சிகிச்சைக்கு முன் முட்டி முழுதாக நீள வேண்டும், முன்தொடை நன்றாக இறுக வேண்டும். பட்டினி கிடக்கும் உடம்பு கொழுப்பை மட்டும் தேர்ந்தெடுத்து எரிக்காது, தசையையும் சேர்த்துத் தின்னும். அவள் இப்போது குறைத்துக்கொண்டிருப்பது சுமையை இல்லை, பிரேக்கை. இதைப் பயிற்சியாளரிடமும் படித்துக் காட்டுங்கள்.

கேள்வி: 21 வயது, கால்பந்தில் நடுக்கள ஆட்டக்காரன். 174 செ.மீ., 83 கிலோ. பி.எம்.ஐ. 27க்கு மேல், 'அதிக எடை' என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஜிம்மில் உள்ள மெஷினில் ஏறி நின்றால் காலையில் கொழுப்பு 19 சதவீதம், பயிற்சிக்குப் பிறகு 16. வேறொரு மெஷினில் 22. சீசன் தொடங்க மூன்று வாரம்தான் இருக்கிறது, அதற்குள் 6 கிலோ குறைக்காவிட்டால் முட்டி போய்விடும் என்கிறார்கள். எதை நம்புவது?

பதில்: தம்பி, மூன்றையும் நம்ப வேண்டாம். மூன்று வாரக் கெடுவை அறவே நம்ப வேண்டாம்.

பி.எம்.ஐ. சூத்திரத்துக்கு அடிபோட்டவர் கெத்தலே என்ற 19ஆம் நூற்றாண்டு பெல்ஜியக் கணித அறிஞர். 'சராசரி மனிதன்' எப்படி இருப்பான் என்பதே அவருடைய கவலை. விளையாட்டு வீரரின் தொடை எப்படி இருக்கும் என்று அவர் யோசிக்கவில்லை. எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் ஓர் ஊரின் நிலவரம் ஓரளவு தெரியும். ஓர் ஆளின் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று தெரியாது.

அந்த மெஷின் பாதத்தின் வழியே மெல்லிய மின்சாரத்தை அனுப்புகிறது. தண்ணீர் நிறைந்த தசையில் மின்சாரம் எளிதாக ஓடும், கொழுப்பில் திணறும். அந்தத் திணறலை வைத்து ஒரு சூத்திரத்தில் போட்டுச் சதவீதம் சொல்கிறது. கொழுப்பை நேரடியாக அது பார்ப்பதே இல்லை. தண்ணீர் குடித்தது, சாப்பிட்டது, வியர்த்தது, தோல் சூடாக இருப்பது எல்லாமே எண்ணை மாற்றும். இரண்டு மணி நேரப் பயிற்சியில் 3 சதவீதக் கொழுப்பை எரித்திருந்தால், 83 கிலோவில் இரண்டரைக் கிலோ கொழுப்பு ஆவியாகியிருக்க வேண்டும். அப்படி எரிக்க எத்தனையோ மாரத்தான் ஓட வேண்டும்.

மெஷினைத் தூக்கி எறியவும் வேண்டாம். ஒரே மெஷின், காலையில் எழுந்து கழிப்பறை போய்வந்த கையோடு, தண்ணீர்கூடக் குடிக்காமல், வாரம் ஒருமுறை. எண்ணை விட்டுவிட்டு அது போகும் திசையைப் பாருங்கள். கொஞ்சம் நம்பகமாக வேண்டுமென்றால் கேலிப்பர் வைத்துத் தோல் மடிப்பை அளக்கச் சொல்லுங்கள், ஆனால் ஒவ்வொரு முறையும் அளக்கும் கை ஒன்றாக இருக்க வேண்டும். வசதி இருந்தால் டெக்ஸா ஸ்கேன். எலும்பு, கொழுப்பு, மற்றவை என்று பிரித்துக் காட்டும். எனக்கு அதில் பிடித்த விஷயம், இரண்டு காலையும் தனித்தனியாகக் காட்டுவது. ஒரு காலில் தசை குறைந்திருப்பது உடம்பின் மொத்தச் சதவீதத்தில் தெரியவே தெரியாது.

சரி, 6 கிலோ. நார்வேயில் விளையாட்டு வீரர்களை இரண்டு குழுவாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு குழு வாரத்துக்கு உடல் எடையில் 0.7 சதவீதம் குறைத்தது, இன்னொன்று அதைப் போல இரண்டு மடங்கு வேகத்தில். கூடவே எடைப் பயிற்சியும் செய்தார்கள். மெதுவாகக் குறைத்தவர்களுக்குக் கொழுப்பு குறைந்து தசை கூடியது, வேகமாகக் குறைத்தவர்களுக்குத் தசை கூடவில்லை. உங்கள் கணக்கில் 0.7 சதவீதம் என்றால் வாரம் அரைக் கிலோவுக்குச் சற்று மேல். 6 கிலோவுக்குப் பத்து வாரம் ஆகும். அது முழுக்கக் கொழுப்பாகவே இருக்கிறதா என்பது தனிக் கேள்வி.

இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். முட்டி உயரத்துக்கும் குறைவான ஒரு பெட்டியிலிருந்து ஒற்றைக் காலில் கீழே குதியுங்கள். நண்பரை எதிரே உட்காரவைத்துப் போனில் மெதுவேக வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். பாதம் தரையைத் தொட்டதும் முட்டிச் சக்கரம் சட்டென்று கட்டை விரலைத் தாண்டி உள்பக்கம் போகிறதா? முட்டி மடங்காமல் கட்டை மாதிரி இறங்குகிறீர்களா? 'சொத்' என்று பெரிய சத்தம் வருகிறதா? பி.எம்.ஐ. 27ஐவிட இந்த மூன்றும்தான் எனக்குக் கவலை தரும்.

கேள்வி: நான் ஒல்லி. கொழுப்பு 9 சதவீதம்தான். எனக்கு லிகமெண்ட் கிழிய வாய்ப்பில்லைதானே?

பதில்: 2022இல் பெண்கள் யூரோ கோப்பை தொடங்குவதற்கு முந்தைய நாள், பயிற்சியில் ஏ.சி.எல். அறுந்து வெளியேறியவர் ஸ்பெயினின் அலெக்ஸியா புதெயாஸ். அப்போது உலகின் சிறந்த வீராங்கனைக்கான பாலோன் தோர் விருது அவர் கையில் இருந்தது. அவருக்குக் கொழுப்பு அதிகம் என்று யாரும் சொல்லவில்லை. ஒல்லியாக இருப்பது வேறு, தொடையில் பலம் இருப்பது வேறு.

கேள்வி: மேடம், வாலிபால் ஆடுகிறேன். ஏ.சி.எல். அறுவை சிகிச்சை முடிந்து நான்கு மாதம். பின்தொடைத் தசையின் நாண் (டெண்டன்) எடுத்து அறுந்த இடத்தில் வைத்திருக்கிறார்கள். 67 கிலோ இருந்தவள் 72 ஆகிவிட்டேன். வலி சுத்தமாக இல்லை. எடை ஏறி ஏறி வைத்த நாணும் அறுந்துவிடுமோ என்று பயம். ஓடிக் குறைக்கலாமா? இரண்டு தொடையும் இஞ்ச் டேப்பில் ஒரே அளவு வருகிறது, அதனால் கேட்கிறேன்.

பதில்: உங்கள் கடைசி வரியைப் படித்ததும் என் பழைய நோட்டுப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஞாயிறுதோறும் முட்டிச் சக்கரத்தின் மேல் விளிம்பிலிருந்து 15 செ.மீ. அளந்து, பேனாவால் புள்ளி வைத்து, தையல் டேப்பைச் சுற்றுவேன். முதல் மாதம் இடது தொடை வலதைவிட 4 செ.மீ. குறைவு. ஐந்தாம் மாதம் இரண்டும் சமம். அந்தப் பக்கத்தில் மூன்று நட்சத்திரம் போட்டு வைத்திருக்கிறேன், பார்த்தால் சிரிப்பு வருகிறது.

மறுநாள் பிசியோ என்னை நாற்காலியில் உட்காரவைத்து, கையைக் கட்டிக்கொண்டு இடது காலால் மட்டும் எழுந்திருக்கச் சொன்னார். பின்பக்கம் நாற்காலியை விட்டு நாலு விரற்கடை எழும்பியது, தொப்பென்று திரும்ப உட்கார்ந்துவிட்டேன். வலது காலால் பத்து முறை எழுந்தேன். அளவு சமம், பலம் இல்லை. எப்படி? டேப் தோலைத்தான் சுற்றுகிறது. உள்ளே தசை குறைந்த இடத்தைக் கொழுப்பு நிரப்பிவிட்டால் அதற்குத் தெரியாது. அந்த ஐந்து மாதத்தில் நானும் 5 கிலோ ஏறியிருந்தேன். எங்கே போய் உட்கார்ந்தது என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

முட்டியில் அடிபட்டால் முன்தொடைத் தசை தானாகவே அணைந்துவிடும். மூட்டுக்குள் நாலைந்து தேக்கரண்டி நீர் கோத்தாலே போதும், நரம்பு வழியாக 'வேலை செய்யாதே' என்று உத்தரவு போய்விடும். நாம் எவ்வளவு முயன்றாலும் தசை முழுதாக இறுகாது. நடமாட்டம் குறைகிறது, சாப்பாடு பழைய அளவிலேயே தொடர்கிறது, கொழுப்பு ஏறுகிறது. உங்கள் 5 கிலோவுக்குக் காரணம் இவ்வளவுதான். வெட்கப்பட இதில் ஒன்றும் இல்லை.

ஓடிக் குறைக்கலாமா என்றால், அந்த நோக்கத்துக்காக ஓட வேண்டாம். வலி இல்லை என்பது நாண் தயார் என்பதற்கு அடையாளமும் இல்லை. வைத்த நாண் முதல் சில மாதங்களில் பழைய தன்மையை இழந்து, புதிய ரத்தநாளம் வளர்ந்து, மெல்ல மெல்லத் தசைநாராக மாற வேண்டும். இடையில் அது வைத்த அன்றைக்கு இருந்ததைவிடவும் பலவீனமாக இருக்கும் கட்டம் ஒன்று உண்டு. ஓட்டம் எப்போது என்பதை வீக்கமும் பலச் சோதனையும் பார்த்து உங்கள் பிசியோதான் சொல்ல வேண்டும். அதுவரை சைக்கிள், மேல் உடம்புக்கு எடைப் பயிற்சி, நல்ல காலுக்கும் பயிற்சி. ஆட்டத்துக்குத் திரும்புவதைப் பற்றி 2016இல் வந்த ஆய்வு ஒன்றை நான் எல்லோரிடமும் சொல்வேன். 9 மாதம் வரை, திரும்புவதை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் மறுபடி முட்டியில் அடிபடும் ஆபத்து ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. தொடை பலம் மற்ற காலில் 90 சதவீதமாவது வந்திருக்க வேண்டும் என்பதும் அதோடு சேர்த்தி.

சாப்பாட்டில் புரதத்தைக் குறைக்காதீர்கள். சிறுநீரகக் கோளாறு எதுவும் இல்லையென்றால், கிலோவுக்கு 1.6 கிராம் என்ற கணக்கில் உங்களுக்கு நாளைக்கு 115 கிராம் வரும். ஒரே வேளையில் திணிக்காமல் நான்கு வேளையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். நொறுக்குத் தீனியையும் இனிப்புப் பானத்தையும் மட்டும் குறைத்தால் போதும். அப்புறம், டேப்பை மேசைக்குள் வைத்துவிட்டு நாற்காலியை எடுங்கள். அடிபட்ட காலால் எத்தனை முறை எழுந்தீர்கள் என்று எழுதி வையுங்கள்.

கேள்வி: ஜூடோ, 57 கிலோ பிரிவு, 19 வயதுப் பெண். சாதாரணமாக 61 கிலோ இருப்பேன், போட்டிக்கு முன் ஐந்து நாளில் 4 கிலோ இறக்குவேன். ஒரு முட்டியில் எம்.சி.எல். (உள்பக்கத் தசைநார்) இரண்டு முறை நீண்டிருக்கிறது, ஆறவே நேரமாகிறது. மூன்று மாதமாக மாதவிடாய் வரவில்லை. எடை குறைந்தால் முட்டிக்கு நல்லதுதான் என்று தோழிகள் சொல்கிறார்கள்.

பதில்: நான்காவது வாக்கியத்தை முதலில் எழுதியிருக்க வேண்டும். மூன்று மாதம் மாதவிடாய் வரவில்லை என்றால் அடுத்த போட்டிக்கு முன் மருத்துவரைப் பாருங்கள். கர்ப்பம், தைராய்டு எல்லாவற்றையும் அவர் பார்த்து ஒதுக்கட்டும். அவை எதுவும் இல்லையென்றால், உடம்புக்குப் போதிய எரிபொருள் போகவில்லை என்பதே பெரும்பாலும் காரணமாக இருக்கும். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014இல் இதற்கு ரெட்-எஸ் என்று பெயர் வைத்தது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 61 கிலோவில் கொழுப்பு போக 47 கிலோ இருப்பதாக வைத்துக்கொள்வோம். நாளுக்கு 1,500 கலோரி சாப்பிட்டு, பயிற்சியில் 600 எரித்தால் மிச்சம் 900. கொழுப்பு நீங்கிய ஒரு கிலோவுக்கு 19 கலோரி. 30க்குக் கீழே போய் நீடித்தால் ஹார்மோன்கள் குழம்பத் தொடங்கும், எலும்பு மெலியும், காயம் ஆற நாளாகும். எம்.சி.எல். நல்ல ரத்த ஓட்டம் உள்ள தசைநார், பெரும்பாலும் அறுவை சிகிச்சை இல்லாமலே ஆறிவிடும். ஆனால் ஆறுவதற்கு அதற்குத் தீனி வேண்டும்.

ஐந்து நாளில் இறங்கும் 4 கிலோவில் கொழுப்பு கொஞ்சம்தான். மீதி தண்ணீர், குடலில் உள்ளது, தசைக்குள் எரிபொருளாகச் சேமித்த கிளைகோஜன். ஒரு கிராம் கிளைகோஜன் தன்னோடு சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். அது போய்விட்டால் இரண்டாவது ஆட்டத்திலேயே தொடை தளர்ந்துவிடும். எதிராளி காலை வாரும்போது முட்டியைப் பிடித்து நிறுத்தப்போவது அந்தத் தொடைதான். 63 கிலோ பிரிவுக்கு மாறுவதைப் பற்றிப் பயிற்சியாளரோடு பேசுங்கள். கசப்பாக இருக்கும், தெரியும்.

கேள்வி: நான் பயிற்சியாளர். வீராங்கனைகளின் எடையை வாராவாரம் பலகையில் எழுதி ஒட்டுகிறேன். முட்டிக் காயங்களைத் தடுக்கத்தான். தவறா?

பதில்: நோக்கம் நல்லது. பலகையைக் கழற்றிவிடுங்கள். உங்கள் மைதானத்தில் யார் இரவுச் சாப்பாட்டை நிறுத்தியிருக்கிறார்கள் என்று அதில் தெரியாது. முதல் கடிதத்தை இன்னொரு முறை படியுங்கள்.

அந்த நேரத்தில் ஃபிஃபாவின் '11+' வார்ம்-அப்பைச் செய்யவையுங்கள். 20 நிமிடம்தான், கருவி எதுவும் வேண்டாம். நார்வேயில் கால்பந்து ஆடும் 13 முதல் 17 வயதுப் பெண்களிடம் சோதித்தபோது மொத்தக் காயங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. அந்த ஆய்வு 2008இல் வெளியானது. அதில் நார்டிக் ஹாம்ஸ்ட்ரிங் என்ற பயிற்சியை மட்டும் யாரையும் தவிர்க்க விடாதீர்கள். மண்டியிட்டு நிற்க வேண்டும், தோழி பின்னாலிருந்து கணுக்காலை அழுத்திப் பிடிக்க வேண்டும், உடம்பு பலகை மாதிரி நேராக இருக்க மெல்ல முன்னால் சாய வேண்டும். பாதி வழியில் பின்தொடை நடுங்கும், அப்புறம் கையை ஊன்றி விழுந்துவிடுவார்கள். எல்லோரும் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். முதல் வாரம் மூன்று முறை போதும், அதற்கு மேல் செய்தால் மறுநாள் படி இறங்க முடியாமல் உங்களைத் திட்டுவார்கள்.

எடை எழுதியே ஆக வேண்டுமென்றால் மாதம் ஒருமுறை, தனி அறையில், அவரவர் நோட்டில்.